முளை அடிப்பதற்கு முன் பதிவேட்டைப் பாருங்கள்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் மாதாந்திர மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை. பேசியபடியே, சிறு திருத்தங்களுடன்.)



போன மாதம் முழங்கால் வலி பற்றிப் பேசினார்கள். அதற்கு முந்தைய மாதம் மாடித் தோட்டம். இந்த மாதம் என் முறை. வங்கியில் இருந்தவன், நாமினேஷன், உயில் என்று ஏதாவது சொல்வேன் என்று செயலாளர் எதிர்பார்த்தார். அமெரிக்காவில் சுரங்க உரிமை கோருவதற்கு முன்னால் நிலப் பதிவேடுகளை எப்படிப் பார்ப்பது என்பதுதான் தலைப்பு என்றேன். மனிதர் ஒரு நிமிடம் பேசவே இல்லை.

காரணம் இருக்கிறது. நம் குடியிருப்பில் பல வீட்டுப் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். நாமும் ஆறு மாதம் போய்ப் பேரக் குழந்தையைப் பார்த்துக்கொண்டு வருகிறோம். என் மகள் இருப்பது நெவாடா மாநிலத்தில், ரீனோ நகரத்தில். போன முறை போயிருந்தபோது, மருமகனோடு வேலை பார்க்கும் ஒரு பையன் வீட்டுக்கு வந்தான். மதுரைப் பக்கத்துப் பிள்ளை. பதினைந்து வருஷமாக அங்கே இருந்து குடியுரிமையும் வாங்கிவிட்டான். போனை என்னிடம் நீட்டி, "மாமா, இதப் பாருங்க. 20 ஏக்கர் தங்கச் சுரங்கம். 6,000 டாலர்தான்" என்றான்.

விளம்பரத்தில் பழைய சுரங்க வாய் ஒன்றின் படம். நான்கு மூலையிலும் வெள்ளை முளைகள். பின்னால் மலை. பையன் அட்வான்ஸ் கொடுக்கத் தயாராக இருந்தான். "பணம் கொடுக்கிறதுக்கு முன்னால மூலப்பத்திரம் பார்த்தியாப்பா?" என்று கேட்டேன். "இது மைனிங் கிளைம் மாமா, இதுக்கு ஏது மூலப்பத்திரம்?" என்றான். கடன் பிரிவில் நான் உட்கார்ந்திருந்த வருஷங்களில் வில்லங்கச் சான்றிதழும் வக்கீல் கருத்தும் இல்லாமல் ஒரு ஃபைல் நகர்ந்ததில்லை. அந்தப் பழக்கத்தில் அடுத்த மூன்று வாரம் இதைத்தான் படித்தேன். படித்ததைச் சொல்கிறேன்.

முதலில் சட்டம். 1872 மே 10 அன்று கையெழுத்தான சுரங்கச் சட்டம் அங்கே இன்றும் நடப்பில் இருக்கிறது. அமெரிக்கக் குடிமகனோ, குடிமகனாகப் போவதாக முறைப்படி அறிவித்தவரோ, மத்திய அரசின் பொது நிலத்தில் தங்கம், வெள்ளி, செம்பு போன்ற கனிமத்தைக் கண்டுபிடித்தால், முளை அடித்து, "இது என் உரிமை" என்று கோரலாம். இதைத்தான் கிளைம் என்கிறார்கள். நம் நாட்டில் அரசிடம் குத்தகை வாங்காமல் கனிமத்தில் கை வைக்க முடியாது. அங்கே வரிசை வேறு. முதலில் கண்டுபிடிப்பு, பிறகு முளை, பிறகு பதிவு.

பாறைக்குள் நரம்பு மாதிரி ஓடும் தாதுவுக்கு ஒரு கிளைம் அதிகபட்சம் 1,500 அடி நீளம், 600 அடி அகலம். 20 ஏக்கருக்குச் சற்று மேல் வரும். ஆற்று மணலிலும் சரளையிலும் கலந்து கிடக்கும் தாதுவுக்கு ஒருவருக்கு 20 ஏக்கர்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கிளைம் வாங்கினால் நிலம் நம்முடையது ஆகாது. கனிமத்தைத் தோண்டும் உரிமை மட்டும்தான். அங்கே விருப்பப்படி வீடு கட்டிக் குடியேற முடியாது. முன்பெல்லாம் கிளைமை ஏக்கருக்கு 2.50 அல்லது 5 டாலர் கட்டிச் சொந்த நிலமாகவே மாற்றிக்கொள்ளலாம். 1994 அக்டோபரிலிருந்து அதற்கான புது விண்ணப்பங்களை நாடாளுமன்றம் நிறுத்தி வைத்திருக்கிறது. ஆகவே "20 ஏக்கர் சொந்தமாகும்" என்று விளம்பரம் சொன்னால், அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு யோசிக்க வேண்டும்.

இப்போது பதிவேடுகளுக்கு வருகிறேன். இந்தப் பொது நிலங்களில் பெரும்பகுதியைப் பார்த்துக்கொள்வது நில மேலாண்மை அலுவலகம். சுருக்கமாக பி.எல்.எம். என்பார்கள். 1946ல் உருவானது. அதன் கையில் சுமார் 24.5 கோடி ஏக்கர். நம் தமிழ்நாட்டைப் போல ஏழு மடங்குக்கு மேல். நெவாடா மாநிலத்தில் ஐந்தில் நான்கு பங்கு நிலம் மத்திய அரசுடையதுதான். அதனால்தான் அங்கே போகிறவர்கள் எல்லாம் "வெறும் பாலைவனம், யாருடையதும் இல்லை" என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அதில் ஒவ்வொரு துண்டுக்கும் கணக்கு இருக்கிறது.

அந்தக் கணக்கைப் படிக்க நில எண் முறை தெரிய வேண்டும். 1785லிருந்து வரும் முறை இது. 6 மைல் நீளம், 6 மைல் அகலம் கொண்ட சதுரம் ஒரு டவுன்ஷிப். அதற்குள் ஒரு சதுர மைல் அளவில் 36 செக்‌ஷன்கள். ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர். எண் வடகிழக்கு மூலையில் 1ல் ஆரம்பித்து மேற்கே 6 வரை போகும். அடுத்த வரி 6க்கு நேர் கீழே 7 என்று ஆரம்பித்துக் கிழக்கே திரும்பும். வயலில் ஏர் ஓட்டிக்கொண்டு போய்க் கடைசியில் மாட்டைத் திருப்புவோமே, அதே மாதிரி.

செக்‌ஷனைக் காலாக வெட்டினால் 160 ஏக்கர். அந்தக் காலையும் காலாக வெட்டினால் 40 ஏக்கர். "தென்மேற்குக் கால், வடகிழக்குக் கால், செக்‌ஷன் 14" என்று எழுதியிருந்தால் கடைசியிலிருந்து படிக்க வேண்டும். முதலில் 14ம் செக்‌ஷன். அதில் வடகிழக்குக் கால். அந்தக் காலுக்குள் தென்மேற்குக் கால். முன்னாலிருந்து படித்தால் வேறு இடத்தில் போய் நிற்போம். கூடவே எந்த மெரிடியன் என்பதும் வேண்டும். நெவாடாவுக்கு மவுண்ட் டையாப்லோ மெரிடியன். அதை விட்டால் அதே டவுன்ஷிப் எண் வேறொரு மாநிலத்திலும் கிடைக்கும்.

விலாசம் கிடைத்துவிட்டது. இனி ஐந்து கேள்விகள். இதே வரிசையில் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: நிலம் யாருடையது?

இதற்கு மாஸ்டர் டைட்டில் பிளாட் என்ற வரைபடம் இருக்கிறது. டவுன்ஷிப்புக்கு ஒன்று. இன்றைய தேதியில் எந்தத் துண்டு யாருக்குப் போயிருக்கிறது, எங்கே சாலை, எங்கே மின்கம்பி, எது ஒதுக்கப்பட்டது என்று அதில் குறித்திருப்பார்கள். அரசு தனியாருக்கு முதன்முதலாகக் கொடுத்த பத்திரத்தை அங்கே பேட்டன்ட் என்கிறார்கள். கண்டுபிடிப்புக்குக் கொடுக்கும் பேட்டன்ட் இல்லை, நிலத்தின் மூலப்பத்திரம். வரைபடத்தில் அந்த எண் இருந்தால் அது தனியார் நிலம். ஒன்றும் எழுதாமல் வெறுமையாக இருந்தால் அது இன்னும் அரசின் பொது நிலம். நம் வில்லங்கச் சான்றிதழில் "நில்" என்று வந்தால் மகிழ்ச்சி அடைவோமே, அங்கேயும் வெற்றிடம்தான் நல்ல செய்தி. நெவாடாவில் ரயில் பாதையை ஒட்டிய பகுதியில் ஒன்று விட்டு ஒரு செக்‌ஷன் அந்தக் காலத்தில் ரயில் கம்பெனிக்குப் போயிற்று. வரைபடம் சதுரங்கப் பலகை மாதிரி இருக்கும். தரையில் நின்று பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது.

இரண்டாவது கேள்வி: அடியில் இருக்கும் கனிமம் யாருடையது?

மேலே ஒருவர், கீழே ஒருவர் என்பது அங்கே சாதாரணம். 1916ல் கால்நடை வளர்ப்புக்காக ஒரு சட்டம் வந்தது. குடும்பத்துக்கு 640 ஏக்கர் வரை நிலம் கொடுத்தார்கள். ஆனால் கனிமத்தை அரசே வைத்துக்கொண்டது. இப்படிக் கொடுத்த நிலம் சுமார் 7 கோடி ஏக்கர். அதில் கிளைம் போடலாம், ஆனால் சும்மா நுழைய முடியாது. 1993ல் வந்த திருத்தப்படி, மேல் நிலத்துக்காரருக்கும் பி.எல்.எம். அலுவலகத்துக்கும் முன்கூட்டி நோட்டீஸ் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. தனியாரிடமிருந்து அரசு விலைக்கோ வேறு வழியிலோ திரும்ப வாங்கிய நிலம் பொதுவாக இந்த 1872 சட்டத்துக்குள் வராது. அரசு நிலம் என்று போர்டு இருக்கும், கிளைம் செல்லாது.

மூன்றாவது கேள்வி: அந்த நிலம் திறந்திருக்கிறதா, என்றைக்குத் திறந்திருந்தது?

இதுதான் பணம் போகும் இடம். கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

வித்ட்ராயல் என்றால் நமக்குப் பணம் எடுப்பது. அங்கே, நிலத்தைச் சுரங்கச் சட்டத்திலிருந்து எடுத்துத் தனியே வைப்பது. தேசியப் பூங்கா, ராணுவப் பகுதி, அணை என்று பல காரணம். சட்டப்படி வனாந்தரமாக அறிவித்த பகுதிகள் 1984 ஜனவரி 1 முதல் புதுக் கிளைமுக்கு மூடப்பட்டன. கிராண்ட் கேனியனைச் சுற்றி சுமார் 10 லட்சம் ஏக்கரை 2012 ஜனவரியில் 20 ஆண்டுக்கு மூடினார்கள். இது தவிர தற்காலிக மூடல் உண்டு. நிரந்தர முடிவு எடுப்பதற்கு முன்னால், அறிவிப்பு வெளியான நாளிலிருந்தே இரண்டு ஆண்டு வரை நிலத்தைப் பூட்டி வைப்பார்கள். போன வருஷம் வாங்கிய வரைபடத்தில் திறந்திருக்கும், இன்றைக்கு மூடியிருக்கும்.

மூடிய நிலத்தில் அடித்த முளை ஆரம்பத்திலிருந்தே செல்லாது. பிறகு அந்த நிலத்தைத் திறந்துவிட்டாலும் பழைய முளைக்கு உயிர் வராது. புதிதாகத்தான் அடிக்க வேண்டும். ஆகவே இன்றைய நிலை மட்டும் போதாது, முளை அடித்த தேதியில் என்ன நிலை என்று பார்க்க வேண்டும். அதற்குத்தான் ஹிஸ்டாரிகல் இண்டெக்ஸ் என்ற இன்னொரு பதிவேடு. அந்த டவுன்ஷிப்பில் ஆரம்பத்திலிருந்து நடந்த ஒவ்வொரு நடவடிக்கையும் தேதி வாரியாக இருக்கும். பாஸ்புக் மாதிரி. மாஸ்டர் பிளாட் இன்றைய பாலன்ஸ் என்றால், இண்டெக்ஸ் அந்த பாலன்ஸ் எப்படி வந்தது என்று காட்டும்.

நம் பையன் காட்டிய கிளைமுக்கு வருகிறேன். விளம்பரத்தில் இருந்த வரிசை எண்ணை எம்.எல்.ஆர்.எஸ். என்ற இணையப் பதிவேட்டில் போட்டோம். கிளைம் நடப்பில் இருக்கிறது, கட்டணம் தவறாமல் கட்டியிருக்கிறது என்று வந்தது. பையன் முகம் மலர்ந்தது. பெரும்பாலானவர்கள் இதோடு நிறுத்திவிடுவார்கள். நாங்கள் மாஸ்டர் பிளாட்டை எடுத்தோம். அந்தச் செக்‌ஷனின் கிழக்குப் பாதியில் கோடு போட்டு, வித்ட்ராயல் என்று எண்ணோடு குறித்திருந்தது. இண்டெக்ஸில் தேதி பார்த்தோம். கிளைம் போட்ட நாளுக்கு நான்கு வருஷம் முன்பே மூடியாகிவிட்டது. கவுன்டி அலுவலகத்திலிருந்து கிளைமின் வரைபடத்தை வாங்கி வைத்துப் பார்த்தால், பாதிக்கு மேல் மூடிய பக்கத்தில் விழுகிறது. படத்தில் பார்த்த அந்தப் பழைய சுரங்க வாயும் அந்தப் பக்கத்தில்தான்.

ரீனோவில் இருக்கும் பி.எல்.எம். மாநில அலுவலகத்தில் பொதுமக்கள் பதிவேடு பார்க்க ஓர் அறை இருக்கிறது. அங்கே போய்ச் சரிபார்த்தோம். பையன் விற்பவருக்கு எழுதினான். "இத்தனை வருஷமாக அலுவலகம் என் கட்டணத்தை வாங்கிக்கொண்டிருக்கிறதே, அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?" என்று பதில் வந்தது. பையன் கொஞ்சம் தடுமாறினான். நான் சொன்னேன்: "தம்பி, கவுன்டரில் செக்கை வாங்கிக்கொள்வது வேறு, செக் பாஸ் ஆவது வேறு." பதிவேட்டில் நடப்பில் என்று இருந்தால் தாளும் பணமும் நேரத்துக்கு வந்திருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். கிளைம் சட்டப்படி செல்லும் என்று அலுவலகம் கொடுக்கும் சான்றிதழ் இல்லை அது. விற்பவர் எழுதிக் கொடுப்பதும், "எனக்கு என்ன உரிமை இருக்கிறதோ அதை உனக்குக் கொடுக்கிறேன்" என்ற வகைப் பத்திரம். இல்லாத உரிமையைக் கொடுத்தாலும் பத்திரம் பத்திரம்தான்.

பையன் வாங்கவில்லை. அந்த 6,000 டாலர் அவன் கணக்கிலேயே இருக்கிறது.

நான்காவது கேள்வி: நமக்கு முன் யார் இருக்கிறார்கள்?

எம்.எல்.ஆர்.எஸ். பதிவேட்டில் அந்தக் கால் செக்‌ஷனில் யார் யார் கிளைம் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கலாம். ஆனால் அது கால் செக்‌ஷன் அளவுக்குத்தான் இடம் சொல்லும். 160 ஏக்கரில் எந்த மூலை என்பது கவுன்டி பதிவாளரிடம் இருக்கும் வரைபடத்தில் தெரியும். தரையையும் நடந்து பார்க்க வேண்டும். ஏனென்றால் முளை அடித்த பிறகு பி.எல்.எம். அலுவலகத்தில் பதிவு செய்ய 90 நாள் அவகாசம் இருக்கிறது. நேற்று ஒருவர் அடித்த முளை மூன்று மாதம் வரை எந்தக் கம்ப்யூட்டரிலும் வராது. நம் பையன் பிறகு பொழுதுபோக்காகவே வேறொரு செக்‌ஷனைப் பார்த்தான். பதிவேடு முழுக்கச் சுத்தம். சனிக்கிழமை போய்ப் பார்த்தால் புது முளையும், டப்பாவுக்குள் இரண்டு வாரத்துக்கு முந்தைய தேதி போட்ட நோட்டீஸும் இருந்தன. பேசாமல் திரும்பி வந்துவிட்டான். முந்தி வந்தவருக்குத்தான் உரிமை.

ஐந்தாவது கேள்வி: இந்தக் கனிமத்துக்குக் கிளைம் போட முடியுமா?

நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, பாஸ்பேட் எல்லாம் 1920 சட்டப்படி குத்தகைக்கு மட்டுமே. சாதாரண மணல், சரளை, கட்டடக் கல் 1955லிருந்து விற்பனைக்கு மட்டுமே. தங்கம் என்று சொல்லிவிட்டுச் சரளை அள்ள முடியாது. கனிமமும் உண்மையிலேயே இருக்க வேண்டும். விவரம் தெரிந்த ஒருவர் தன் உழைப்பையும் பணத்தையும் போடத் துணியும் அளவுக்கு இருக்க வேண்டும் என்பது 1894லிருந்து அங்கே உள்ள அளவுகோல்.

ரால்ஃப் கேமரன் என்று ஒருவர் கிராண்ட் கேனியன் விளிம்பில், சுற்றுலாக்காரர்கள் இறங்கும் பாதையின் தலையிலேயே கிளைம் போட்டு வைத்திருந்தார். 1908ல் அந்த இடத்தைத் தேசியச் சின்னமாக அறிவித்தார்கள். முன்பே வைத்திருந்த செல்லுபடியாகும் உரிமைக்குப் பாதிப்பில்லை என்பது விதி. ஆனால் அங்கே அந்த அளவுக்குக் கனிமம் இல்லை என்று 1920ல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றார். அடுத்த ஆண்டு அவர் செனட் உறுப்பினராகவும் ஆனார். பதவி வந்தாலும் கிளைம் வரவில்லை.

கடைசியாகத் தேதிகள். எல்லாம் சரியாக இருந்து கிளைம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இப்போது ஒரு கிளைமுக்கு ஆண்டுக் கட்டணம் 200 டாலர். ஒவ்வொரு ஆண்டும் செப்டம்பர் 1க்குள் கட்ட வேண்டும். 10 கிளைமுக்கு மேல் இல்லாத சிறு சுரங்கக்காரர்கள் விலக்குக் கேட்டு எழுதலாம், ஆனால் அதற்கும் தேதி உண்டு, வேலை செய்ததற்குக் கணக்கும் காட்ட வேண்டும்.

நெவாடாவில் லாக் என்ற குடும்பம் சரளைச் சுரங்கம் வைத்திருந்தது. 1955க்கு முன் போட்ட கிளைம்கள். நன்றாக நடந்த தொழில். அப்போதிருந்த சட்டத்தில் ஆண்டுத் தாக்கலை "டிசம்பர் 31க்கு முன்" செய்ய வேண்டும் என்று இருந்தது. அவர்கள் 1980 டிசம்பர் 31 அன்று ரீனோவுக்கு வந்து நேரில் கொடுத்தார்கள். ஒரு நாள் தாமதம். 1985ல் உச்ச நீதிமன்றம் அரசு பக்கம் தீர்ப்புச் சொன்னது. மறுபடி முளை அடிக்கலாமே என்றால் முடியாது, சரளைக்குத்தான் 1955லேயே கதவை மூடியாயிற்றே. "முன்" என்ற ஒரு சொல்லுக்காகத் தொழிலே கேள்விக்குள்ளானது. ஆவணத்தில் ஒவ்வொரு சொல்லையும் படியுங்கள் என்று நான் சங்கக் கூட்டங்களில் உயிரை எடுப்பதற்குக் காரணம் இதுதான்.

நேரமாகிவிட்டது, முடித்துக்கொள்கிறேன். நிலம் யாருடையது, கனிமம் யாருடையது, அன்றைக்குத் திறந்திருந்ததா, முன்னால் யார், எந்தக் கனிமம். இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளையோ மருமகனோ போனில் வெள்ளை முளை போட்ட படத்தைக் காட்டினால், "வாங்காதே" என்று சொல்ல வேண்டாம். இந்த ஐந்துக்கும் பதில் வாங்கி வா என்று மட்டும் சொல்லுங்கள். பதில் வந்தால் அவனே முடிவு செய்துகொள்வான்.

(பிறகு கேட்ட இரண்டு கேள்விகளும் பதிலும்.)

"சார், நாம ஆறு மாச விசாவில் போகும்போது நம் பேரில் ஒரு கிளைம் போட்டுக்கொள்ளலாமா?"

முடியாது. குடிமகன் அல்லது முறைப்படி அறிவித்தவர் மட்டும்தான். நாம் போய்ப் பேரனைப் பார்த்துக்கொள்ளலாம், பதிவேடும் பார்த்துக் கொடுக்கலாம். இரண்டுக்கும் தடையில்லை.

"பதிவேடு பார்க்க அங்கே போக வேண்டுமா? செலவு ஆகுமா?"

வேண்டாம். மாஸ்டர் பிளாட், இண்டெக்ஸ், பழைய பேட்டன்ட் பத்திரங்களின் படம் எல்லாம் பெரும்பாலும் பி.எல்.எம். இணையதளங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. இங்கே உட்கார்ந்தே பார்க்கலாம். கவுன்டி வரைபடத்துக்கு மட்டும் சில இடங்களில் நகல் கட்டணம் கேட்பார்கள். பார்க்க விரும்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்கு வாருங்கள், கம்ப்யூட்டரில் காட்டுகிறேன்.

சுண்டல் ஆறுகிறது.